புதுச்சேரி வழியே பிரெஞ்சு உணவு

சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பிரெஞ்சு உணவைத் தேடிப் புறப்படும் ஒருவர் கடவுச்சீட்டு இல்லாமலே சென்றுசேரக்கூடிய ஊர் ஒன்று உண்டு. பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் வந்து, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சுமார் 220 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் அடையும் புதுச்சேரி, இடையிடையே டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறிய காலங்கள் நீங்கலாக, 1674 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. ஆகவே பிரான்சின் சமையல் தமிழ் அடுப்பில் ஏறி நெடுங்காலம் வெந்த வரலாறு அந்த ஊருக்கு உண்டு. ஆனால் இன்று அங்கே ‘பிரெஞ்சு உணவு’ என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று வேறுபட்ட உணவுகள் வழங்குகின்றன என்பதைப் பயணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் உண்ணப்படுவதை அந்நாட்டு முறைப்படியே செய்ய முயலும் உணவு ஒன்று. பிரெஞ்சுச் செய்முறையும் தமிழ்நாட்டுப் பொருள்களும் கலந்து உள்ளூர்க் குடும்பங்களில் உருவான கிரியோல் சமையல் மற்றொன்று. வார இறுதியில் வரும் சுற்றுலாக் கூட்டத்துக்காக உணவகங்கள் தயாரித்து வைத்திருக்கும் பொதுவான மேனாட்டு உணவு மூன்றாவது. பெரும்பாலான பயணிகள் மூன்றாவதை மட்டும் உண்டு, முதலிரண்டையும் அறிந்துவிட்டதாக எண்ணி ஊர் திரும்புகின்றனர்.

இந்த மூன்றில் வேறெங்கும் கிடைக்காதது கிரியோல் சமையலே ஆகும். கிரியோல் என்பது குடியேற்ற நாடுகளில் ஐரோப்பியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் பிறந்த கலப்புக் குடும்பங்களையும், அவர்கள் வழியாக வளர்ந்த மொழி, உணவு, வழக்கங்களையும் குறிக்கும் சொல். புதுச்சேரியில் இந்தச் சமையலை வளர்த்தவர்கள் இக்குடும்பத்தினர் மட்டுமல்லர். 1881ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, தம் சாதி, சமய வழிப்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள இந்தியருக்கு வழிசெய்தது. அவ்வாறு துறந்து புதிய குடும்பப் பெயர் பூண்ட தமிழர்கள், குறிப்பாகக் கிறித்தவர்கள், பிரெஞ்சு அலுவலகங்களிலும் படையிலும் சேர்ந்தபோது அவர்களுடைய சாப்பாட்டு மேசையும் மாறத் தொடங்கியது. இவ்வீடுகளில் சமையல் செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்களே ஆதலால், எசமானர் சொன்ன செய்முறையும் சமைப்பவர் கையில் இருந்த அம்மியும் ஒன்றோடொன்று சமரசம் செய்துகொண்டன. அதே வேளையில் இந்த மாற்றத்தை மிகைப்படுத்தவும் கூடாது: புதுச்சேரியின் பெரும்பான்மை வீடுகளில் ஆட்சி எதுவாயினும் சோறும் குழம்பும் ரசமுமே அன்றாட உணவாக நீடித்தன. பிரெஞ்சுச் சாயல் படிந்தது ஊரின் ஒரு சிறு பகுதியினரின் அடுக்களையில்தான்.

அந்த அடுக்களையின் அடையாளமாகச் சொல்லத்தக்க பொருள், தமிழகத்தார் அனைவரும் அறிந்த தாளிப்பு வடகமே. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை முதலியவற்றோடு பிசைந்து, உருண்டை பிடித்து, கோடை வெயிலில் பல நாள் காயவைத்துச் செய்யப்படும் இந்த வடகம், புதுச்சேரி வீடுகளில் கறியிலும் மீனிலும் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்றது. இன்று ‘வடுவான்’ என்ற பெயரில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் உலர்ந்த மசாலாக் கலவையாகப் புட்டிகளில் விற்கப்படுவதும், பெரிய உணவகச் சமையற்காரர்கள் வெண்ணெயில் கரைத்து மீன்மேல் ஊற்றுவதும் இந்த வடகத்தின் வழிவந்த பொருளே. பிரெஞ்சுச் சமையலில் ‘எஷலோத்’ எனப்படும் சிறு வெங்காய வகைக்கு நீங்காத இடம் உண்டு. குழம்புகளுக்கும் சாலட் கலவைகளுக்கும் அதுவே அடிப்படை. நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்தில் விளையும் சின்ன வெங்காயம் அதற்கு மிக நெருங்கிய உறவு. ஆகவே வடகம் பிரெஞ்சு நாவுக்குப் பிடித்துப்போனதில் வியப்பதற்கு அதிகம் இல்லை.

கிரியோல் வீடுகளில் செய்யப்படும் ‘ரகு’ என்பது, இறைச்சியையும் உருளைக்கிழங்கு, காரட் போன்ற காய்களையும் ஒரே பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் நெடுநேரம் வேகவைக்கும் பிரெஞ்சுக் குழம்பின் உள்ளூர் வடிவம் ஆகும். பிரான்சில் மாவையும் வெண்ணெயையும் வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவர்; புதுச்சேரியில் அந்த முறையோடு பட்டை, கிராம்பு, மிளகு ஆகியவை அளவாகச் சேர்ந்தன, மிளகாய் அடக்கி வாசிக்கப்பட்டது. ‘ஆசாத்’ எனப்படும் மற்றொரு கறி, போர்ச்சுகீசியரின் வறுவல் முறையிலிருந்து வந்ததாகக் கருதப்படுவது. தேங்காய்ப்பாலில் இறைச்சியை வேகவைத்து, இறக்கும் தறுவாயில் எலுமிச்சைச் சாறு பிழிந்து செய்யப்படும் இது, காரம் குறைந்து புளிப்பும் மணமும் மேலோங்கி நிற்கும். காடியில் ஊறவைத்த பன்றி இறைச்சியால் செய்யப்படும் ‘விந்தாய்’, கோவாவின் விந்தாலுவுக்கு உடன்பிறப்பு.

மார்சேய் துறைமுகத்தின் புகழ்பெற்ற மீன்சாறான ‘புய்யாபேஸ்’ இந்த மேசையில் அடைந்த மாற்றம் தனியே குறிப்பிடத்தக்கது. மார்சேயில் அது, விற்றது போக வலையில் எஞ்சிய பாறைமீன்களைக் கொண்டு மீனவர்கள் காய்ச்சிய எளிய சாறாகத் தொடங்கி, ஆலிவ் எண்ணெய், தக்காளி, பெருஞ்சீரகத் தண்டு, குங்குமப்பூ ஆகியவற்றால் மெருகேறி, இன்று விலை மிகுந்த உணவாக மாறிவிட்டது. போலிகள் பெருகியதால் 1980இல் அவ்வூர் உணவக உரிமையாளர்கள் சிலர் கூடி, எந்தெந்த மீன்கள் இருக்க வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையே எழுதி வைத்தனர். அங்கே சாறு முதலில் தனியாகவும், பூண்டும் மிளகாயும் சேர்த்த ‘ரூய்’ என்னும் பூச்சைத் தடவிய ரொட்டித் துண்டுகளோடும் வரும். மீன் வேறொரு தட்டில் வரும். புதுச்சேரியிலோ குங்குமப்பூவின் இடத்தை மஞ்சள் பிடித்துக்கொண்டது, வங்கக் கடலில் அன்றன்று கிடைத்த மீன் உள்ளே சென்றது. மார்சேயின் உடன்படிக்கைப்படி இது புய்யாபேஸ் ஆகாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் கரைக்கு வந்த மீனைக் கொண்டு செய்வதே அதன் பிறப்பு முறை என்பதால், புதுச்சேரிச் சாற்றுக்கும் அந்தப் பெயருக்கு முழு உரிமை உண்டு என்பதே நியாயமான தீர்ப்பு.

இந்த மேசையின் இன்னொரு கிளை கிழக்கே, கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. வியத்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகள் இந்தோசீனா என்ற பெயரில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் அங்கே படைவீரராகவும் காவலராகவும் அலுவலராகவும் பணியாற்றினர். சைகோன் நகரில் மாரியம்மன் கோவில் எழுந்ததும் தமிழர் அங்கே வாழ்ந்ததன் தடமே. 1954இல் தியென் பியென் ஃபூ போரில் பிரெஞ்சுப் படை தோற்றபின் அவர்களில் பலர் வியத்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் ஊர் திரும்பினர். அவர்கள் கொண்டுவந்த ‘சாய்யோ’ என்னும் சிற்றுண்டி, அரிசித் தாளில் சேமியா போன்ற கண்ணாடி நூடுல்சு, இறால் அல்லது கொத்திய இறைச்சி, காளான் ஆகியவற்றைச் சுருட்டிப் பொரித்து, புதினா, கீரை இலைகளோடு உண்பது. பிரான்சிலும் இதுவே ‘நெம்’ என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு மரபைத் தேடி வருபவர் இதைச் சீன உணவு என்று எண்ணி ஒதுக்கிவிடுதல், அந்த ஊரின் வரலாற்றில் ஒரு நூற்றாண்டையே ஒதுக்கிவிடுவதாகும்.

கிறித்துமசுக் காலத்தில் மட்டும் பெருமளவில் கிடைக்கும் ‘விவிக்கம்’ என்னும் கேக்கும் இவ்வூருக்கே உரியது. கோதுமை மாவுக்குப் பதிலாக ரவையைக் கொண்டு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்துச் செய்யப்படும் இது, நாட்பட வைத்து உண்ணத்தக்கது. இதில் மது கலந்திருப்பதை, மதுவைத் தவிர்ப்பவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். டிசம்பர் நடுவில் செல்பவர்களுக்குப் பழைய அடுமனைகளில் கேட்டால் கிடைக்கும். மற்ற மாதங்களில் முன்கூட்டிச் சொல்லி வைப்பதே வழி.

கிரியோல் சமையலின் சிக்கல் அது கடைக்கு அதிகம் வராமையே ஆகும். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஆட்சி மாற்ற ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பல காலப்போக்கில் பிரான்சுக்கே சென்று குடியேறின. செய்முறைகள் அவர்களோடு சென்றன. எஞ்சிய சில குடும்பங்கள் தம் பழைய வீடுகளை விடுதிகளாக்கி, முன்பதிவு செய்பவர்களுக்கு வீட்டு உணவு பரிமாறுகின்றன. கிரியோல் உணவை அதன் இயல்பான சுவையில் அறிய அத்தகைய மேசைகளே சிறந்தவை. கடற்கரைக்கும் பழைய கால்வாய்க்கும் இடைப்பட்ட, மஞ்சள் சுவர்கள் நிறைந்த பிரெஞ்சுக் குடியிருப்பில் மாலையில் விளக்கேற்றும் உணவகங்களிலோ, இத்தாலியின் பீட்சாவும் பாஸ்தாவும் பிரெஞ்சுப் பெயர்ப்பலகையின்கீழ் விற்கப்படுவதே மிகுதி. அவை கெட்ட உணவுகள் அல்ல. ஆனால் அவற்றைச் சேலத்திலும் உண்ணலாம். அந்தத் தெருக்களில் காலையில் சுடும் குரோசானும் நீள ரொட்டியும், அருகிலுள்ள ஆரோவில்லில் செய்யப்படும் பாலாடைக்கட்டி வகைகளும்தான் அங்கே காசு கொடுத்து உண்ணத் தகுந்தவை. கடலோரக் காற்றின் ஈரத்தில் ரொட்டியின் மேலோடு சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால், அதைக் காலையிலேயே உண்டுவிட வேண்டும்.

ரொட்டியைப் பற்றிய பேச்சு பயணியைப் பாரிசுக்கே அழைத்துச் செல்கிறது. அங்கும் ஒரு தமிழரே எதிர்ப்படுகிறார். பாரிஸ் மாநகராட்சி ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த பாகெத் ரொட்டிக்கான போட்டியில் 2023இல் முதற்பரிசு பெற்றவர், இலங்கையிலிருந்து சென்று குடியேறிய தர்ஷன் செல்வராஜா. நகரின் 20ஆம் வட்டாரத்தில் அடுமனை நடத்துபவர். பரிசு 4,000 யூரோ. அதைவிடப் பெரிய மதிப்பு, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமை. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்நகரின் உணவகங்களில் பாத்திரம் கழுவுவோராகவும், பின்னர் சமையற்காரராகவும் உழைத்தனர் என்பதை நினைத்தால், இந்த வெற்றி தனியொருவருடைய தற்செயல் அன்று என்பது விளங்கும். பாரிசில் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் நன்கு சமைக்கப்பட்ட பிரெஞ்சு உணவை உண்ணும் தமிழ்ப் பயணி, அதைச் சமைத்தவரும் தமிழராக இருக்கக்கூடும் என்பதை அறியாமலே எழுந்து செல்கிறார்.

பாகெத் என்பது ஏறத்தாழ 250 கிராம் எடையுள்ள, முழங்கையைவிட நீண்ட, மெலிந்த கோதுமை ரொட்டி. அதன் செய்முறையும் பண்பாடும் 2022 நவம்பரில் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எண்ணெயோ வெண்ணெயோ பாலோ முட்டையோ இதில் சேராது. மாவு, நீர், உப்பு, நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகிய நான்கே பொருள்கள். சூடேறிய அடுப்பினுள் நீராவி பாய்ச்சுவதால் மேலோடு பளபளத்து மொறுமொறுப்பாகிறது. உள்ளே எழும் ஆவி வெளியேறவே மேலே கத்தியால் சாய்வாகக் கீறுகின்றனர். கொழுப்புச் சத்து எதுவும் இல்லாததால் அரைநாளில் விறைத்துவிடும். பிரெஞ்சு மக்கள் காலையும் மாலையும் ரொட்டிக் கடைக்குச் செல்வதற்கு இதுவே காரணம். பெட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர் ஏமாறுவர்.

இந்த ரொட்டியைச் சட்டமே காத்துநிற்கிறது. 1993 செப்டம்பரில் வெளியான அரசாணை, ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்ற பெயரில் விற்கப்படுவது எந்தக் கட்டத்திலும் உறையவைக்கப்படாமலும், செயற்கைக் கூட்டுப்பொருள் கலவாமலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. மாவு பிசைதல் முதல் சுடுதல் வரை அனைத்தும் ஒரே இடத்தில் நடைபெறும் கடை மட்டுமே ‘பூலாஞ்ஜரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று பெயர்ப்பலகை வைக்கலாம் என்று 1998இன் சட்டம் கூறியது. எனவே பலகையில் அந்தச் சொல் உள்ள கடையில் நுழைந்து, வெறும் ‘பாகெத்’ என்று கேளாமல் ‘திரதிசியோன்’ என்று கேட்பவருக்கு, சில காசுகள் கூடுதலாயினும், மேலான ரொட்டி கிடைக்கும். ‘பத்திஸ்ரி’ என்பது கேக், இனிப்பு வகைகளுக்குரிய கடை. குரோசான், ஆஸ்திரிய நாட்டுப் பிறைவடிவ ரொட்டியிலிருந்து வந்தது. 1830களின் இறுதியில் வியன்னாவைச் சேர்ந்த ஆகஸ்ட் சாங் பாரிசில் திறந்த அடுமனை அதற்கு வழிகாட்டியது. மாவையும் வெண்ணெயையும் மாறிமாறி மடித்துத் தேய்க்கும் இன்றைய முறை பிரெஞ்சுக்காரர் பின்னாளில் சேர்த்தது.

பிரெஞ்சு உணவகத்தில் அமர்பவர் தட்டில் உள்ளதைவிட, தட்டுகள் வரும் வரிசையைப் புரிந்துகொள்வதே முக்கியம். பிரெஞ்சுக்காரரின் விருந்து முறை 2010இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே மதிக்கப்பட்டது எந்த ஒரு பண்டமும் அல்லாமல், உறவினரும் நண்பரும் கூடி, வரிசை பிறழாமல், நெடுநேரம் பேசிக்கொண்டே உண்ணும் வழக்கமே. தமிழர் இலையில் எல்லாவற்றையும் ஒருங்கே பரிமாறி, கலந்து உண்பர். பிரெஞ்சு முறையில் ஒன்று முடிந்து தட்டு எடுக்கப்பட்ட பின்னரே அடுத்தது வரும். முதலில் ‘ஆந்த்ரே’ எனப்படும் தொடக்க உணவு, பிறகு ‘பிளா’ எனப்படும் முதன்மை உணவு, அதன்பின் பாலாடைக்கட்டி, இறுதியில் இனிப்பு, அதற்கும் பின்னரே காபி. இனிப்போடு காபியும் சேர்த்துக் கேட்டால் பரிமாறுபவர் சற்றுத் திகைப்பார். ‘மெனு’ என்பது அங்கே விலைப்பட்டியலைக் குறிக்காது. இரண்டு அல்லது மூன்று பகுதிகள் அடங்கிய, ஒரே விலையுள்ள சாப்பாட்டுத் தொகுப்பே அது. பகல் நேரத்தில் இந்தத் தொகுப்பு மலிவாகக் கிடைப்பதால், நல்ல உணவகம் ஒன்றில் உண்ண விரும்பும் சிக்கனக்காரர் பகலையே தேர்வது நலம். பகலுணவு 12 மணி முதல் 2 மணி வரை, இரவுணவு 7 அல்லது 7.30க்குப் பின்; இடைப்பட்ட நேரத்தில் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். உணவோடு வரும் ரொட்டிக்குத் தனி விலை இல்லை. குழாய் நீரைச் சாடியில் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும். பரிமாறுவதற்கான கட்டணம் பட்டியல் விலையிலேயே அடங்கியிருக்கும்.

பிரெஞ்சுப் பாரம்பரிய உணவு என்ற ஒற்றைப் பொருள் உண்மையில் இல்லை. வடக்கே வெண்ணெய், தெற்கே ஆலிவ் எண்ணெய், தென்மேற்கே வாத்துக் கொழுப்பு என்று சமைக்கும் கொழுப்பே நிலத்துக்கு நிலம் மாறுகிறது. பண்டங்களும் அதற்கேற்ப மாறுகின்றன. மேற்கே பிரித்தானிப் பகுதியின் ‘கலெத்’, கோதுமை நன்கு விளையாத மண்ணில் ஏழைகளின் உணவாக இருந்த பக்வீட் என்னும் கருந்தானிய மாவைக் கரைத்து, பெரிய வட்டக் கல்லில் மெல்லிதாகத் தேய்த்துச் சுடப்படுவது. நம் கேழ்வரகுத் தோசையை உண்டு வளர்ந்தவருக்கு அதன் நிறமும் லேசான கசப்பும் அந்நியமாகத் தோன்றா. உள்ளே முட்டை, சீஸ், பன்றித் தொடை இறைச்சி வைத்து மடிப்பது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் நீக்கித் தருவர். கோதுமை மாவில் செய்து சர்க்கரையோ பழப்பாகோ தடவும் இனிப்பு வகைக்குக் ‘கிரேப்’ என்று பெயர்.

தென்கோடியில் நீஸ் நகரின் ‘சொக்கா’, கொண்டைக்கடலை மாவு, நீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கரைத்துச் செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, மிளகுத் தூள் தூவிச் சுடச்சுட விற்கப்படும் தெருவோரத் தின்பண்டம். முட்டையும் பாலும்கூடச் சேராத இதைச் சைவ உணவினர் தயக்கமின்றி உண்ணலாம். கத்தரி, சுக்கினி, குடமிளகாய், தக்காளி, பூண்டு ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி மெல்ல வேகவைக்கும் ‘ரத்தத்தூய்’ அதே ஊரின் கோடைக்கால உணவு. இவ்விரண்டுக்கும் பயண நூல்கள் தரும் இடம் போதாது. மாட்டிறைச்சிச் சாற்றுக்கும் நத்தைக்கும் ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இவற்றுக்கு ஒதுக்கலாம்.

நத்தையைப் பற்றி அஞ்ச வேண்டியதும் இல்லை. வயல் நத்தையைச் சமைத்துண்ணும் வழக்கம் காவிரிக்கரை ஊர்களில் இன்றும் உண்டு. பர்கண்டிப் பகுதியினர் அதைப் பூண்டும் பார்ஸ்லி இலையும் சேர்த்த வெண்ணெயில் சுட்டு உண்கின்றனர்; சுவையில் பெரும்பங்கு அந்த வெண்ணெயுடையது. அதே பகுதியின் ‘கோக் ஓ வான்’ சேவலையும், ‘பெஃப் பூர்கிஞோன்’ மாட்டிறைச்சியையும் சிவப்பு வைனில் பல மணி நேரம் வேகவைப்பவை. முற்றிய, கடினமான இறைச்சியை மெத்தென்றாக்கக் குடியானவர் கண்ட வழி இது. தென்மேற்கின் ‘கசூலே’, வெள்ளை மொச்சை போன்ற பயற்றோடு வாத்து, பன்றி இறைச்சிகளைச் சேர்த்து மண்சட்டியில் சுடுவது. கஸ்தெல்நொதாரி, கார்க்கசோன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்களும் அதைத் தமதென்று உரிமை கொண்டாடுகின்றன. பகலில் இதை உண்டவர் அன்று மாலை ஊர் சுற்றும் திட்டத்தைக் கைவிடுவது நல்லது. ‘ஃபுவா கிரா’ என்பது வாத்துக்கு வாய்வழியே தீனியைத் திணித்துப் பெருக்கச் செய்த ஈரல். இக்கொடுமை காரணமாக இந்தியா 2014இல் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. உண்பதா வேண்டாவா என்பதைப் பயணி அதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பகுதியினர் பிரெஞ்சு ஆம்லெட்டைக் கண்டால் முதலில் முகம் சுளிக்கக்கூடும். அது பொன்னிறமாக முறுகாமல், வெளியே வெளிறியும் உள்ளே நெகிழ்ந்தும் இருக்கும்படி வெண்ணெயில் உருட்டி எடுக்கப்படுவது. மாட்டிறைச்சித் துண்டும் நடுவில் சிவந்த நிலையிலேயே தரப்படும். நன்கு வேக வேண்டுமெனில் ‘பியான் குவி’ என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ‘தார்த்தார்’ என்ற பெயர் உள்ளது முழுதும் பச்சை இறைச்சி. சாக்லேட் மூஸ் என்னும் நுரைத்த இனிப்பிலும் பச்சை முட்டை சேர்வது மரபு.

பாலாடைக்கட்டியைத் தொடங்குபவர் ஜூரா மலைப்பகுதியின் ‘கோந்தே’வைத் தேர்வது பொருத்தம். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள சக்கரங்களாக வார்த்து, குறைந்தது நான்கு மாதம் பதப்படுத்தப்படும் அது, முந்திரியை நினைவூட்டும் இனிப்பும் அடர்த்தியும் கொண்டது. ‘ரோக்ஃபோர்’, ஆட்டுவகையில் செம்மறியின் பாலில் செய்து, கொம்பலு மலைக் குகைகளில் நீலப் பூஞ்சை படர வைத்து எடுக்கப்படுவது. 1925இல் தனிச்சட்டத்தின் வழி, பிறந்த இடத்தின் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்ற முதல் பிரெஞ்சுச் சீஸ் அதுவே. அதன் உவர்ப்பும் நெடியும் முதல் நாளில் அனைவருக்கும் பிடிப்பதில்லை. இனிப்புகளில் லமோத்-பெவ்ரோன் ஊரின் தத்தான் சகோதரிகள் பெயரால் வழங்கும் ‘தார்த் தத்தான்’, வெண்ணெயிலும் கருகிய சர்க்கரைப் பாகிலும் வெந்த ஆப்பிளைக் கீழே வைத்து மாவை மேலே மூடிச் சுட்டுக் கவிழ்ப்பது. வேறொன்றை விட்டாலும் இதை விடலாகாது.

சைவ உணவினருக்குப் பிரான்சில் ஆபத்து இறைச்சித் துண்டாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாற்றிலும் கொழுப்பிலும் கரைந்தே வருகிறது. வெங்காய சூப்பின் அடிப்படை பொதுவாக மாட்டிறைச்சிச் சாறு. காய்கறிப் பண்டம் என்று பெயர் சொன்னாலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கலந்திருக்கலாம். ‘கீஷ் லொரேன்’ என்னும் முட்டைப் பணியாரத்தில் அவை கட்டாயம் உண்டு. சில இனிப்புகளை இறுகச் செய்யும் ஜெலட்டின் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மரபுவழிப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து பெறும் ரெனெட் என்னும் நொதி ஆகும். பால்பொருள்தானே என்று எண்ணி உண்ணும் இந்தியச் சைவர்கள் பலர் இதை அறிவதில்லை. மீனை இறைச்சியாகக் கருதாத பரிமாறுநர்களும் உளர். ஆகவே இறைச்சி, மீன், விலங்குச் சாறு, கொழுப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி விலக்கிக் கேட்பதும், அச்சொற்களைப் பிரெஞ்சு மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பதும் நல்லது. முற்றிலும் முடியாதபோது பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே லா சப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் தோசையும் சோறும் கிடைக்கும். 2015 ஜூலை முதல் பிரான்சின் உணவகங்கள் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களை எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. பால், முட்டை, மீன், கோதுமை முதலியன அப்பட்டியலில் உண்டு. ஆனால் இறைச்சி அதில் இல்லை என்பதால், அதைப் பயணியே வாய்திறந்து கேட்டாக வேண்டும்.